உளவளத்துணை எண்ட சொல்லில இருக்கிற அந்தத் 'துணை'

யாழ்ப்பாணத்தில புது ஆள் ஒருத்தரைச் சந்திச்சால் பேர் கேக்கிறதுக்கு முதலே 'நீங்கள் எவடம்?' எண்டு கேப்பினம், ஊரைச் சொன்னாலும் விடமாட்டினம், ஊரில எவடம், எந்தக் கோயிலடி, அப்பா என்ன வேலை, ஆற்ற மகள், இப்பிடியே கேட்டுக்கொண்டு போய்க் கடைசியில தங்களுக்கு வேண்டின பதிலை எடுத்திடுவினம், அந்தப் பதில் சாதி. சாதி எண்ட சொல்லை ஒருத்தரும் வாயில எடுக்கிறேல்ல, கேள்வி எல்லாம் விலாசம் கேக்கிற மாதிரித்தான் இருக்கும். நான் முதன்முதலா கவுன்சிலிங்குக்கெண்டு, எங்கட சொல்லில உளவளத்துணைக்கெண்டு, போன இடத்திலயும் மேசைக்கு அங்கால இருந்தவா ஃபோமை எடுத்து வைச்சிட்டு இந்த வரிசையிலதான் கேட்டவா. நான் எதுக்கு வந்தனான் எண்டு அவா கேக்கிறதுக்குள்ளயே எனக்கு வாய் கட்டிப் போட்டுது.

அப்ப நான் புருசன்ர வீட்டை விட்டு வெளிக்கிட்டு ஆறு மாசம், ரெண்டு பிள்ளையளோட அம்மா வீட்டில இருந்தனான். நித்திரை இல்லை, சாப்பாடு இறங்காது, வகுப்பில பாடம் நடத்திக்கொண்டு நிக்கேக்க என்ன சொல்லிக்கொண்டு நிண்டனான் எண்டே மறந்து போகும், இதைச் சொல்லத்தான் போனனான். ஃபோமில திருமண நிலை எண்டு ஒரு இடம் இருந்தது, அதில அவா என்னைக் கேக்காமலே 'கைவிடப்பட்டவர்' எண்ட பெட்டிக்குள்ள சரி போட்டவா. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். என்னை ஒருத்தரும் கைவிடேல்ல, அடி தாங்கேலாமல் நான்தான் பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டனான், என்ர வாழ்க்கையில நான் செய்த ஆகத் துணிச்சலான வேலை அது, அந்தப் பேனை ஒருக்கா அசைஞ்ச உடன அது ஆரோ எனக்குச் செய்த வேலையா மாறிப் போச்சுது. பேந்து ஒரு இருபது நிமிசம் எனக்குப் புத்தி சொன்னவா, 'பிள்ளையளுக்காகப் பொறுத்துப் போங்கோ தங்கச்சி, ஆம்பிளையள் முன்னப் பின்னத்தான் இருப்பினம்' எண்டு. அண்டைக்குப் பின்னேரம் என்ர அம்மாவுக்குக் கோல் எடுத்து நான் சொன்னதெல்லாத்தையும் சொல்லியும் போட்டா. நல்லது செய்யிறன் எண்டு நினைச்சுத்தான் செய்திருப்பா, அதில எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் நான் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல.

ரெண்டாவதாப் போனது வேற ஒரு ஆளிட்ட. அந்த முதல் பத்து நிமிசத்தை நான் இப்பவும் நினைச்சுப் பாக்கிறனான். கதிரையை மேசைக்கு இங்கால இழுத்துப் போட்டிட்டு, 'உங்களை என்னெண்டு கூப்பிட, பேர் சொல்லவோ, ரீச்சர் எண்டு சொல்லவோ, அக்கா எண்டால் பரவாயில்லையோ?' எண்டு கேட்டவா. 'நீங்கள் எண்டு கதைக்கவோ, நீர் எண்டால் லேசா இருக்குமோ?' எண்டும் கேட்டவா. நீ, நீர், நீங்கள் எண்டு மூண்டு படியையும் வைச்சுக் கதைக்கிற எங்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை, ஆர் ஆருக்கு மேல எண்டதை எங்கட பேச்சில அந்த ஒரு சொல்லே முடிவு கட்டிப் போடும், அதை அவா என்ர கையில தந்தவா. ஃபோம் அங்கயும் இருந்தது. அதை என்ர பக்கம் திருப்பி வைச்சு, 'இதில இருக்கிற சொல் உங்களுக்குச் சரி வராட்டி வெட்டிப்போட்டு உங்கட சொல்லை எழுதுங்கோ' எண்டவா. நான் அந்தப் பெட்டியள் எல்லாத்தையும் விட்டிட்டு ஓரத்தில 'பிரிஞ்சு வந்தனான்' எண்டு எழுதினனான். எழுதிப்போட்டு அழுதனான்.

வந்த ஆளோட சேர்ந்து, அவர் தன்னை ஆர் எண்டு சொல்லுறாரோ அதை மதிச்சு வேலை செய்யிற இதுக்கு உலகத்தில கொலாபரேட்டிவ் தெரபி, அடையாளத்தை ஏத்துக்கொள்ளுற தெரபி எண்டு பெரிய பேரெல்லாம் இருக்கு. எங்களிட்ட இருக்கிற சொல்லே இதைச் சொல்லுது எண்டதுதான் எனக்குப் பிடிச்ச விசயம். இந்தியாவில 'மனநல ஆலோசனை' எண்டு சொல்லுவினம், ஆலோசனை எண்டால் ஒருத்தர் சொல்லுவார் மற்றவர் கேப்பார். இலங்கையில நாங்கள் சொல்லுறது உளவளத்துணை. யாழ்ப்பாணத்தில சீர்மியம் எண்ட சொல்லும் இருக்கு, ஆனால் போர்டில, பள்ளிக்கூடத்தில, அரசாங்கக் கடிதத்தில எல்லாம் வாறது உளவளத்துணைதான். உளத்தில ஏற்கனவே ஒரு வளம் கிடக்கு, அதுக்குத் துணையா ஒராள் வாறார், அவ்வளவுதான் அந்தச் சொல். உதவி தேடி வாற ஆளுக்குப் புத்தகங்களில பேர் 'துணைநாடி', நோயாளி இல்லை. இரவில கிணத்தடிக்குப் போகப் பயந்தால் 'துணைக்கு வாங்கோ' எண்டு கூப்பிடுவமே, அந்தத் துணைதான் இது, வாற ஆள் எங்களைத் தூக்கிக்கொண்டு போறேல்ல, எங்க போறது எண்டு தீர்மானிக்கிறதும் அவர் இல்லை, கூட நடந்து வருவார்.

புத்தி சொல்லுறதில இருந்து கூட நடக்கிறதுக்கு வந்த இந்த மாற்றம் ஒரு நாளில வந்ததில்லை. அமெரிக்காவில கார்ல் ரோஜர்ஸ் எண்ட உளவியலாளர் 1942லயே நோயாளி எண்ட சொல்லை விட்டிட்டு கிளையண்ட் எண்டு எழுதத் தொடங்கிட்டார், தன்ர வாழ்க்கையில எது நோகுது எண்டு அந்த ஆளுக்குத்தான் தெரியும், அதால அவர் போற பாதையிலதான் நாங்களும் போகவேணும் எண்டது அவற்ற நிலைப்பாடு. 1957ல அவர் எழுதின கட்டுரையில ஒராள் மாறுறதுக்குத் தேவையான விசயங்களைச் சொல்லேக்க மற்றவரை அவற்ற இடத்தில இருந்து விளங்கிறது, நிபந்தனை போடாமல் ஏத்துக்கொள்ளுறது, உளவளத்துணையாளர் வேசம் போடாமல் உண்மையா இருக்கிறது எண்ட மூண்டுக்கும்தான் பெரிய இடம் குடுத்தவர். பிறகு டெக்சாசில ஹார்லீன் ஆண்டர்சனும் ஹாரி கூலிஷியனும் 1980கள் 90களில இன்னும் ஒரு படி போய், வந்த ஆள்தான் நிபுணர், நாங்கள் 'தெரியாது' எண்ட இடத்தில இருந்து கேள்வி கேக்கிற ஆக்கள் எண்டு சொல்லிச்சினம். இதைச் சிலபேர் பிழையா விளங்கிறது, உளவளத்துணையாளருக்கு ஒண்டும் தெரியத் தேவையில்லை எண்ட மாதிரி. படிச்சது எல்லாம் அவரிட்ட இருக்கும், ஆனால் எனக்கு முன்னால இருக்கிற இந்த ஆளைப் பற்றி எனக்கு இன்னும் தெரியாது எண்டு வைச்சுக்கொண்டு கேக்கிறார், அதுதான் வித்தியாசம்.

1979ல எட்வர்ட் போர்டின் எண்ட உளவியலாளர் இதைக் கொஞ்சம் தெளிவாப் பிரிச்சு வைச்சார். ரெண்டு பேரும் எங்க போறம் எண்டதில ஒரு உடன்பாடு, அதுக்கு என்ன செய்யப்போறம் எண்டதில ஒரு உடன்பாடு, ரெண்டு பேருக்கும் இடையில ஒரு பிணைப்பு, இந்த மூண்டும் சேர்ந்ததுதான் கூட்டு வேலை எண்டார். அதுக்குப் பிறகு பத்துப் பத்து வருசமா ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுறது, என்ன முறை பாவிச்சாலும் இந்தக் கூட்டு நல்லா இருந்தால் பலனும் நல்லா இருக்கு எண்டதைத்தான். கேக்க லேசாக் கிடக்கும், எங்கட ஊரில இதில பெரிய சிக்கல் ஒண்டு இருக்கு, ஒராள் தனிய வாறேல்ல. ஏ.எல் படிக்கிற பெடியனைத் தாய் கூட்டிக்கொண்டு வருவா, கூட ஒரு மாமியும் வருவா, ரியூசனுக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறான், ஃபோனோட கிடக்கிறான், இவனைத் திருத்தித் தாங்கோ எண்டுவினம். எங்க போறம் எண்டு தாய் ஏற்கனவே எழுதிக் கொண்டு வந்திட்டா, அது மெடிசின் ஃபக்கல்ரி. பெடியன் வாயே திறக்கேல்ல. கூட்டா வேலை செய்யிறது எண்டால் இதில ஆரோட கூட்டு? நல்ல உளவளத்துணையாளர் தாயைக் கலைச்சு விடமாட்டார், ஏனெண்டால் அந்தப் பெடியன்ர அடையாளத்தில அம்மாவும் ஒரு பகுதிதான், குடும்பத்தில இருந்து பிச்செடுத்துத் தனி ஆளா வைச்சு எங்கட பிள்ளையளைப் பாக்க ஏலாது. ஆனால் கொஞ்ச நேரம் பெடியனோட தனியக் கதைப்பார், இதில அம்மாவுக்கு எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது எண்டு அவனிட்டயே கேப்பார், பிறகு தாயைக் கூப்பிட்டு அவான்ர பயத்தையும் கேப்பார். பயத்தை எண்டு ஏன் சொல்லுறன் எண்டால், பிள்ளை படிக்காட்டி எங்களுக்கு வேற ஒண்டும் இல்லை எண்டு இந்த மண்ணில கனபேர் நம்பிறதுக்குக் காரணம் இருக்கு, வீடும் வளவும் நகையும் ஒவ்வொரு இடப்பெயர்விலயும் விட்டிட்டு ஓடின சனத்திட்ட மிஞ்சினது படிப்பு மட்டும்தான்.

என்ர கதைக்கு வாறன். அந்த ரெண்டாவது ஆளிட்ட மூண்டாவதோ நாலாவதோ முறை போகேக்க அவா ஒரு கொப்பித் தாளைக் கிழிச்சு அடிமட்டம் வைச்சு நாலு கோடு கீறினவா, ஒவ்வொண்டும் பத்து சென்றிமீற்றர். முதல் கோடு, இண்டைக்கு நான் சொன்னதை அவா கேட்டு மதிச்சவாவோ எண்டது. ரெண்டாவது, நான் கதைக்க விரும்பினதைக் கதைச்சமோ. மூண்டாவது, அவா செய்யிற விதம் எனக்கு ஒத்து வருதோ. நாலாவது, மொத்தத்தில இண்டைக்கு எப்பிடி. இடப்பக்கம் எண்டால் இல்லை, வலப்பக்கம் எண்டால் ஓம், நடுவில எங்கயும் புள்ளடி போடலாம். இது அவா கண்டுபிடிச்சதில்லை, அமெரிக்காவில ஸ்கொட் மில்லரும் பாரி டங்கனும் ஆக்கள் ஒவ்வொரு சந்திப்பு முடிவிலயும் கேக்கச் சொல்லி உருவாக்கின முறை, உலகத்தில கன இடத்தில பாவிக்கினம். நான் நாலு கோட்டிலயும் வலப்பக்கக் கடைசியில புள்ளடி போட்டிட்டுத் தாளைக் குடுத்தனான். அவா அதைப் பாத்திட்டு, 'ரீச்சர், உங்கட வகுப்புப் பிள்ளை ஒண்டு நாலு பாடத்திலயும் நூறு எண்டு எழுதித் தந்தால் நம்புவீங்களோ?' எண்டு மெல்லமாக் கேட்டவா. எனக்கு அந்தரமாப் போச்சுது. எங்கட பழக்கம் அப்பிடி, பெரியாக்கள், படிச்சாக்கள், எங்களுக்கு உதவி செய்யிறாக்களிட்ட குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது, சாப்பாட்டில உப்பில்லாட்டியும் நல்லா இருக்கு எண்டுதான் சொல்லிப் பழகினனாங்கள். அவா தாளைத் திருப்பித் தந்து, 'அவசரமில்லை, ஒரு கோட்டிலயாவது ஒரு சென்றிமீற்றர் இங்கால வாங்கோ' எண்டவா. நான் மூண்டாவது கோட்டில கொஞ்சம் இங்கால வந்தனான். அந்த ஒரு சென்றிமீற்றரில இருந்துதான், மூச்சுப் பயிற்சிக்குக் கண்ணை மூடச் சொன்னால் எனக்குப் பயம் வாறது எண்ட விசயம் வெளியில வந்தது. கண்ணை மூடினால் அந்த வீட்டுக் கதவுச் சத்தம் கேக்கும். அதை நான் அதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. அதுக்குப் பிறகு கண்ணைத் திறந்துகொண்டு, யன்னலுக்கு வெளியில நிக்கிற முருங்கை மரத்தைப் பாத்துக்கொண்டுதான் பயிற்சி செய்தனாங்கள்.

இன்னொரு விசயமும் அவாவாலதான் எனக்கு விளங்கினது. நான் எப்பவும் 'நான் ஒரு பயந்தாங்கொள்ளி, நான் ஒரு விசரி' எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தனான். அவா ஒருநாள், 'பயம் உங்களிட்ட எப்ப வாறது, வந்தால் எவ்வளவு நேரம் நிக்கும், எப்ப அது வராமல் விட்டது?' எண்டு பயத்தை ஏதோ வீட்டுக்கு வந்து போற ஆளைக் கேக்கிற மாதிரிக் கேட்டவா. அவுஸ்ரேலியாவில மைக்கல் வைட், நியூசிலாந்தில டேவிட் எப்ஸ்டன் ரெண்டு பேரும் 1980களில வளர்த்தெடுத்த கதைசொல் முறையில இது முக்கியமான வேலை, ஆள் பிரச்சினை இல்லை, பிரச்சினைதான் பிரச்சினை எண்டது அவையளின்ர அடிப்படை, பிரச்சினையை ஆளில இருந்து பிரிச்சு வெளியில வைச்சால் ஆளுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். யோசிச்சுப் பாத்தால் எங்கட பாசை இதை எப்பவோ செய்து வைச்சிருக்கு. 'எனக்குப் பயமா இருக்கு' எண்டுதான் சொல்லுறனாங்கள், 'நான் பயம்' எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்ல. கோவம் வருது, கவலை பிடிக்குது, யோசினை வந்து பிடிச்சிட்டுது, எல்லாம் வெளியில இருந்து வந்து எங்களைப் பிடிச்சிட்டுப் போற சாமான்தான். வந்தது போகும். 'விசரி', 'வாழாவெட்டி', 'ராசியில்லாதவள்' மாதிரிச் சொல்லுகள்தான் ஆளோடயே ஒட்டிக்கொண்டு போக மாட்டன் எண்டு நிக்கிற சொல்லுகள், அதுகளை எங்களுக்கு வைச்சது மற்றாக்கள்.

இஞ்ச அடையாளம் எண்ட பேச்சு லேசான பேச்சில்லை. போர் முடிஞ்ச பிறகு வடக்கில சனத்துக்கு எத்தினை விதமான பேரை வைச்சினம் எண்டு பாருங்கோ, விதவை, பெண் தலைமைத்துவக் குடும்பம், முன்னாள் போராளி, புனர்வாழ்வு பெற்றவர், மீள்குடியேறியவர், பாதிக்கப்பட்டவர், பயனாளி. ஒவ்வொண்டும் ஒரு ஃபோமில இருந்து வந்த பேர், கோழிக்குஞ்சு வாங்கவும் வேணும் வீட்டுத்திட்டத்துக்கும் வேணும், அதால சனமும் அந்தப் பேரைத் தூக்கிக்கொண்டு திரியப் பழகிட்டுது. 1990 ஒக்ரோபரில வடக்கை விட்டு வெளியேத்தப்பட்ட முஸ்லிம் ஆக்கள் திரும்பி வந்து யாழ்ப்பாணத்தில இருக்கேக்க, தாங்கள் இந்த ஊர் ஆக்கள் எண்டதையே திரும்பத் திரும்ப நிறுவ வேண்டிக் கிடக்கு. யாழ்ப்பாணத்தில கனகாலம் வேலை செய்த மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு எண்டு 2007ல விரிவா எழுதினது இதோட தொடர்புதான், போர் தனித்தனி மனிசரை மட்டும் உடைக்கேல்ல, குடும்பத்தையும் ஊரையும் ஆக்களுக்கு இடையில இருந்த நம்பிக்கையையும் சேர்த்து உடைச்சிருக்கு, அதால ஒராளுக்கு ஒரு நோயின்ர பேரைக் குடுத்து மருந்தும் குடுத்து அனுப்பினால் காணாது எண்டு அவர் விளங்கப்படுத்தினவர். அப்பிடி உடைஞ்ச இடத்தில உளவளத்துணையாளர் முதல் செய்ய வேண்டிய வேலை, இந்த ஆள் தன்னை ஆர் எண்டு சொல்லுறார் எண்டு கேக்கிறதுதான்.

என்ர பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேணும். அவான்ர மகன் போர் முடிஞ்ச 2009 மே மாசத்தில அவான்ர கண்ணுக்கு முன்னால இராணுவத்திட்டக் கையளிக்கப்பட்டவர், அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவரின்ர சேட்டு ரெண்டு அலுமாரியில மடிச்சபடி கிடக்கு, வருசத்தில ரெண்டு தரம் எடுத்துத் தோய்ச்சு வெயிலில காயப் போட்டு மடிச்சு வைப்பா. பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போன ஒரு இடத்தில, 'ஏற்றுக்கொண்டு முன்னுக்குப் போங்கோ, ஒரு சடங்கு செய்தால் மனம் ஆறும்' எண்டு சொல்லிப் போட்டினம். அவா அண்டைக்கு முழுக்க ஒரு சொல்லும் கதைக்கேல்ல, இரவு மட்டும் 'என்ர வாயால அவனைச் சாகடிக்கச் சொல்லினம்' எண்டவா. அவா தன்னை ஆர் எண்டு நினைக்கிறா எண்டால், மகனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிற தாய். அதை எடுத்துப்போட்டு மகனை இழந்த தாய் எண்ட பேரைக் குடுத்தால் ஆறுதல் வருமோ? பிறகு வேற ஒரு உளவளத்துணையாளர் வீட்டுக்கு வந்தவர், இளம் பெடியன், திண்ணையில இருந்து பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு மகனைப் பற்றிக் கேட்டவர், கேக்கிறதுக்கு முதல் ஒரு நிமிசம் தயங்கிப்போட்டு, 'அம்மா, தம்பி என்ன விரும்பிச் சாப்பிடுவார் எண்டு கேக்கவோ, சாப்பிட்டவர் எண்டு கேக்கவோ?' எண்டார். பெரியம்மா அவரைக் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டே இருந்தவா. 'சாப்பிடுவார் எண்டு கேள் தம்பி' எண்டவா. பேந்து ஒரு மணித்தியாலம் விடாமல் கதைச்சவா, ஒடியல் கூழைப் பற்றி, சைக்கிளைப் பற்றி, அவர் அஞ்சாம் வகுப்பில வாங்கின பரிசைப் பற்றி. அந்த ஒரு மணித்தியாலமும் அந்தத் தம்பி ஒரு இடத்திலயாவது தவறி இறந்தகாலத்துக்குப் போகேல்ல.

அமெரிக்காவில போலின் பாஸ் எண்ட ஆய்வாளர் வியட்நாம் போரில காணாமல் போன விமானிகளின்ர குடும்பங்களோட 1970களில செய்த வேலையில இருந்துதான் தெளிவில்லாத இழப்பு எண்ட கருத்து வந்தது. ஆள் இருக்கிறாரோ இல்லையோ எண்டு உறுதியாத் தெரியாத இழப்பில 'முடிச்சு வைக்கச்' சொல்லுறது வேலைக்கு ஆகாது, இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் எண்ட ரெண்டு நினைப்பையும் ஒரே நேரத்தில தாங்கிக்கொண்டு வாழப் பழகிறதுதான் அதில ஏலக்கூடியது எண்டு அவா சொல்லுறா. எங்கட சட்டமும் 2016ல கொஞ்சம் அந்தப் பக்கம் வந்தது, மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்களுக்கு, ஆளைக் காணேல்ல எண்டு மட்டும் சொல்லுற ஒரு சான்றிதழ் எடுக்க வழி செய்தவை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடக்கம் கிளிநொச்சியில தெருவோரமாப் போராட்டத்துக்கு இருந்த அம்மாக்களைக் கனபேர் 'மனம் பாதிக்கப்பட்டதுகள்' எண்டு பாத்திச்சினம். நான் அப்பிடிப் பாக்கேல்ல. பிள்ளை எங்க எண்டு கேக்கிறது ஒரு தாய்க்கு வருத்தமில்லை, அந்தக் கேள்வியோட சேர்த்து அவாவை மதிக்கிற உளவளத்துணைதான் அவாவுக்கு உதவும்.

இன்னொரு அடையாளம் பற்றியும் கதைக்கவேணும், எங்கட ஊரில இதைக் கதைக்கவே ஆக்கள் பின்னடிக்கினம். ஆணா வளர்த்த பிள்ளை தன்னைப் பெண்ணா உணருது, இல்லாட்டி ஒரு பெட்டைக்கு இன்னொரு பெட்டையில விருப்பம், வீட்டில தெரிஞ்ச உடன கோயில், நூல் கட்டுறது, சாத்திரம், அதுவும் சரிவராட்டி 'டொக்டரிட்டக் காட்டி மாத்துவம்' எண்டு வருவினம். மாத்திறதுக்கு அதில வருத்தம் ஒண்டும் இல்லை. ஒரே பாலில விருப்பம் வாறதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973லயும் உலக சுகாதார நிறுவனம் 1990லயும் நோய்ப் பட்டியலில இருந்து எடுத்திட்டினம், பால்நிலை மாறி உணருறதையும் அந்த நிறுவனம் 2019ல ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலின்ர பதினோராவது பதிப்பில மனநோய் அத்தியாயத்தில இருந்து வெளியில எடுத்திட்டினம். அப்ப அந்தப் பிள்ளையள் ஏன் நித்திரை இல்லாமல், சாகவேணும் எண்ட நினைப்போட வருகினம் எண்டால், இலான் மேயர் எண்ட ஆய்வாளர் 2003ல எழுதினது இதுக்குச் சரியான விளக்கம், ஒதுக்கிறது, பகிடி பண்ணிறது, ஒளிச்சு வாழுறது, எப்ப பிடிபடுவனோ எண்ட பயம், இதெல்லாம் நாளுக்கு நாள் சேர்ந்து வாற நெருக்கீடுதான் ஆளைச் சாப்பிடுது. பிரித்தானியர் காலத்து 1883ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவையில ஒரே பால் உறவைக் குற்றமாக்கப் பாவிக்கிற 365ஆம் பிரிவு இந்த நெருக்கீட்டில ஒரு பங்கு, அதைத் திருத்திற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை எண்டு உயர் நீதிமன்றம் 2023 மேயில சொன்னது.

இதில தமிழ் எங்களுக்கு ஒரு வழி தருது. நான், நீங்கள் எண்ட சொல்லுகளில ஆண் பெண் இல்லை, முன்னால இருக்கிற ஆளோட மணித்தியாலக் கணக்காக் கதைக்கலாம் பிழை விடாமல். பிழை வாறது தாயோட கதைக்கேக்கதான், உங்கட மகன் எண்டுறதோ மகள் எண்டுறதோ. அதுக்கும் எங்களிட்ட 'பிள்ளை' இருக்கு. 'உங்கட பிள்ளை நித்திரை கொள்ளுறதோ, சாப்பிடுறதோ?' எண்டு கேட்டால் பிள்ளையையும் காயப்படுத்தாது, தாயையும் ஒரே நாளில ஒரு முடிவுக்குத் தள்ளாது. ஆனால் ஒரு சங்கடமும் இருக்கு, ஆவணங்களில பால்நிலையை மாத்திறதுக்கெண்டு 2016ல சுகாதார அமைச்சு கொண்டு வந்த பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு மனநல வைத்திய நிபுணரின்ர கையெழுத்து வேணும், துணையா இருக்க வேண்டிய ஆளே கதவுக்குக் காவலும் நிக்கிற நிலை. நல்ல ஆக்கள் இதை மறைக்காமல் முதல் நாளே சொல்லிப் போடுவினம், இது இது நான் எழுத வேண்டி வரும், எழுதினதை உங்களுக்கு வாசிச்சுக் காட்டுறன் எண்டு.

அப்ப எல்லாத்துக்கும் ஓம் எண்டு தலையாட்டுறதோ உளவளத்துணை எண்டு என்னிட்டக் கனபேர் கேட்டிருக்கினம். இல்லை. ஒராள் ஆர் எண்டதை மதிக்கிறது வேற, அவர் செய்யிற எல்லாத்தையும் சரி எண்டுறது வேற. பெண்சாதிக்கு அடிக்கிற மனிசனிட்டப் போய் 'அது உங்கட சுபாவம்' எண்டு சொன்னால் அது துணை இல்லை, துரோகம், அதை நான் அடி வாங்கின ஆளாத்தான் சொல்லுறன். குரல் கேக்குது, ஆரோ கொல்ல வருகினம் எண்டு பயப்பிடுற ஆளுக்கு மருந்து தேவை, அவரை மனநல வைத்தியரிட்ட அனுப்ப வேணும், அங்கயும் மருந்து ஏன், எவ்வளவு நாளைக்கு, என்ன பக்கவிளைவு எண்டு அவருக்கு விளங்கப்படுத்திக் குடுக்கலாம். அடுத்தது, எங்கட சனம் உண்மையிலயே புத்தி கேட்டுத்தான் வாறது. பஸ் ஏறி, அரைநாள் லீவு போட்டு வந்த ஆளிட்ட 'உங்களுக்குத்தான் தெரியும்' எண்டு மட்டும் சொல்லி அனுப்பினால் ஏமாத்தின மாதிரித்தான் இருக்கும். என்ர ஆள் செய்தது, கேட்ட தகவலை நேராச் சொல்லுவா, தாபரிப்புக் காசுக்கு எந்தக் கோட்டில போடுறது, பொலிசில பெண்கள் பிரிவில என்ன சொல்லவேணும் எண்டெல்லாம் சொல்லுவா, சொல்லிப்போட்டு 'இதில எது உங்களுக்குச் சரிவரும், எது வராது?' எண்டு கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பா. அந்த மௌனம் எனக்கு ஆரம்பத்தில கரைச்சலா இருந்தது, பிறகு அதுக்குள்ளதான் நான் யோசிக்கப் பழகினனான்.

யாழ்ப்பாணம் சின்ன இடம், பஸ்ராண்டில இறங்கினால் சொந்தக்காரர் ரெண்டு பேராவது காணுவினம், அதால இரகசியம் எண்டது இஞ்ச மருந்து மாதிரி முக்கியம். முதல் நாள் போகேக்க நீங்கள் கேக்கலாம், கேக்க உரிமை இருக்கு, நான் சொல்லுறதை ஆருக்குச் சொல்லுவீங்கள், எந்த நிலையில சொல்லியே ஆகவேணும், ஃபைலில என்ன எழுதுவீங்கள், நான் பாக்கலாமோ. என்ர உயிருக்கோ இன்னொருத்தற்ற உயிருக்கோ ஆபத்து எண்டால், சின்னப் பிள்ளை ஒண்டுக்குத் துன்புறுத்தல் எண்டால் சொல்லத்தான் வேணும், அதைத் தவிர மிச்சம் உங்கட அனுமதியோட எண்டு சொல்லுறவரா இருந்தால் நம்பிக் கதைக்கலாம். கேட்டதுக்குக் கோவப்பட்டால் எழும்பி வந்திடுங்கோ, வேற ஆளைப் பாருங்கோ, ரெண்டு வருசம் என்னை மாதிரி வாய் மூடிக்கொண்டிருக்க வேண்டாம். தற்கொலைக்கு முயற்சி செய்தால் பொலிஸ் பிடிக்கும் எண்டு இப்பவும் நினைச்சுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒளிக்கிற குடும்பங்கள் இருக்கு, அது குற்றம் எண்டிருந்த சட்டத்தை 1998லயே எடுத்திட்டினம். போக வழியில்லாதவை, போக இன்னும் மனம் வராதவை, தேசிய மனநல நிறுவனத்தின்ர 1926 எண்ட இலக்கத்துக்கு எடுக்கலாம், நடுச்சாமத்திலயும் எடுக்கலாம், தமிழில கதைக்கலாம், எடுத்த உடன பேர் சொல்லோணும் எண்டும் இல்லை, எவடம் எண்டும் சொல்லத் தேவையில்லை.